நாலு கோட்டு நோட்டும் என் வலது கண்ணும்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள்.

எங்கள் ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஒரு டீச்சர் கேட்டிருந்தார்: "கண் ஆபரேஷனுக்கு நல்ல டாக்டர் யாராவது சொல்லுங்களேன்." ஒரு மணி நேரத்துக்குள் 17 பெயர்கள் வந்து விழுந்தன. "கைராசியான டாக்டர்" என்று ஒருவர். "எங்க சம்பந்தி அங்கதான் பண்ணினாங்க, மறுநாளே பேப்பர் படிச்சாங்க" என்று இன்னொருவர். அந்த டீச்சருக்குக் கண்ணில் என்ன தொந்தரவு என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. என் கதை அந்தக் குழுவில் எழுத முடியாத அளவுக்கு நீளம் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

போன வருடம் ஆடி மாதம். மூன்றாம் வகுப்பு படிக்கும் என் மகள் வயிற்றுப் பேத்திக்கு ஆங்கிலக் கையெழுத்துப் பழக்கிக்கொண்டிருந்தேன். இடது கண்ணில் ஏதோ தூசி விழுந்து உறுத்தியது. சேலைத் தலைப்பால் அந்தக் கண்ணை அழுத்திக்கொண்டே வலது கண்ணால் நோட்டைப் பார்த்தேன். நாலு கோட்டு நோட்டின் நான்கு கோடுகளும் நடுவில் குழிந்து வளைந்திருந்தன. அவள் எழுதியிருந்த வார்த்தையில் நடு எழுத்து மட்டும் காணவில்லை. "என்னடி கோடு இப்படி இருக்கு, நோட்டு நனைஞ்சு போச்சா?" என்றேன். "கோடு நேராத்தானே இருக்கு அம்மாச்சி" என்றாள்.

இடது கண்ணைத் திறந்தேன். நேராக இருந்தது. மூடினேன். வளைந்தது.

அதற்குப் பிறகு நான் செய்ததுதான் முதல் தப்பு. கண்ணாடி பவர் மாறியிருக்கும் என்று முடிவு செய்து, கடைவீதியில் வழக்கமாகப் போகும் கண்ணாடிக் கடைக்குப் போனேன். அங்கே பவர் பார்க்கும் தம்பி நல்ல பையன். "வலது கண்ணுல எவ்வளவு மாத்தினாலும் கடைசி வரிசை வரமாட்டேங்குது டீச்சர், டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டிருங்க" என்று சொல்லித்தான் அனுப்பினான். நான் புதுக் கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். இரண்டு கண்ணும் திறந்திருந்தால் நன்றாகத்தானே தெரிகிறது? இப்படியே இரண்டு மாதம் ஓடியது.

வலது கண் இன்னும் மங்கியபோது, பக்கத்து ஊரில் உள்ள ஒரு கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம். சுத்தமான இடம். ஏசி. சொட்டு மருந்து விட்டு ஒரு மணி நேரம் உட்கார வைத்தார்கள். டாக்டர் கருவி வழியாக இரண்டு கண்ணையும் பார்த்தார். "ரைட்ல கேட்டராக்ட் இருக்கும்மா. எடுத்துடலாம். வேற ஏதாவது தொந்தரவு இருக்கா?" என்றார். கண் கம்ப்யூட்டர் திரையில் இருந்தது. வெளியே 40 பேர் காத்திருந்தார்கள்.

"இல்லைங்க சார்" என்றேன்.

ஆமாம், நான்தான் சொன்னேன். கோடு வளைகிற விஷயத்தை வாயில் வைத்திருந்துவிட்டு, "இல்லைங்க சார்."

அடுத்த அறையில் ஒரு பெண் லென்ஸ் விலைப் பட்டியலைக் காட்டினாள். சாதாரண லென்ஸ், கொஞ்சம் உயர்ந்தது, அதற்கும் மேலே தூரமும் கிட்டமும் கண்ணாடி இல்லாமலே தெரியும் மல்டிஃபோக்கல் லென்ஸ். இந்த வாரத்துக்குள் அட்வான்ஸ் கட்டினால் தள்ளுபடி. "டீச்சரா இருந்தவங்க, படிக்கிற பழக்கம் இருக்கும், இதையே வச்சுக்கங்கம்மா" என்றாள். 70,000 ரூபாய். அவளிடம்தான் கோடு வளைவதைச் சொன்னேன். "புரைன்னா அப்படித்தான்மா, ஆபரேஷன் ஆனா சரியாயிரும்" என்றாள். 5,000 ரூபாய் அட்வான்ஸ் கட்டினோம். ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார்கள்.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. என் வகுப்பில் படித்த ஒரு பையன் ஞாபகத்துக்கு வந்துகொண்டே இருந்தான்.

25 வருடம் இருக்கும். மூன்றாவது பெஞ்சில் இருப்பான். கரும்பலகையில் எழுதுவதை எழுதமாட்டான். பக்கத்துப் பையன் நோட்டைப் பார்த்துத்தான் எழுதுவான். காப்பியடிக்கிறான் என்று பலமுறை திட்டியிருக்கிறேன். கையில் அடித்தும் இருக்கிறேன். பள்ளிக்கு வந்த கண் பரிசோதனை முகாமில்தான் அவனுக்குக் கிட்டப்பார்வை என்று தெரிந்தது. "கரும்பலகை தெரியலைன்னு ஏண்டா சொல்லலை?" என்று கேட்டேன். "எல்லாருக்கும் அப்படித்தான் தெரியும்னு நெனச்சேன் டீச்சர்" என்றான்.

அவன் வயசு அப்போது எட்டு. எனக்கு இப்போது அறுபதைத் தாண்டிவிட்டது. முப்பத்தைந்து வருடமாக வகுப்பில் "புரிஞ்சுதா? சந்தேகம் இருந்தா கேளுங்க" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் அடுத்த பக்கம் புரட்டியவள் நான். "புரிஞ்சுது டீச்சர்" என்று நாற்பது குரல் ஒன்றாக வரும். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். அந்த டாக்டர் முன்னால் அதே குரலில்தான் நானும் சொல்லியிருக்கிறேன்.

காலையில் எழுந்ததும், "இன்னொரு டாக்டர்கிட்ட கேட்டுட்டுத்தான் ஆபரேஷன்" என்று சொன்னேன். வீட்டில் பெரிய விவாதம். "அட்வான்ஸ் கட்டியாச்சே" என்றார் என் வீட்டுக்காரர். எங்கள் அண்ணன், தூரத்துச் சொந்தத்தில் ஒரு டாக்டர் இருக்கிறார், அவரிடமே போகலாம் என்றார். பெங்களூரில் இருக்கும் மகன் கூகுளில் நட்சத்திரம் பார்த்து ஐந்து ஆஸ்பத்திரிகளின் பட்டியலை அனுப்பினான். உட்கார்ந்து எல்லாவற்றையும் படித்தேன். பார்க்கிங் வசதி நன்றாக இருக்கிறது, நர்ஸ்கள் அன்பாகப் பேசுகிறார்கள், கேன்டீனில் இட்லி சூடாக இருக்கிறது. கோடு வளைந்தவர்கள் யாரும் எழுதவில்லை.

என்னோடு வேலை பார்த்த ஒரு டீச்சரின் கணவருக்குச் சர்க்கரையால் விழித்திரையில் ரத்தம் கசிந்து வைத்தியம் நடந்தது. அவரிடம் போனில் பேசினேன். அவர்தான் முதல் உருப்படியான கேள்வியைக் கேட்டார்: "டீச்சர், உங்களுக்குக் கண்ணோட முன்பக்கம் பிரச்சினையா, பின்பக்கமா?"

எனக்கு அதுவரை கண் டாக்டர் என்றால் ஒரே ஜாதிதான். கண்ணுக்குள் இத்தனை பிரிவு இருப்பதே அப்போதுதான் தெரிந்தது. முன்னால் இருக்கும் கருவிழிக்குத் தனி நிபுணர். உள்ளே உள்ள லென்ஸ் மங்குவதுதான் கண்புரை. அதை எடுப்பவர்கள் நிறையப் பேர். கண்ணின் அழுத்தத்தைப் பார்க்கும் கிளாக்கோமா நிபுணர் வேறு. பின்சுவரில் ஒட்டியிருக்கும் விழித்திரைக்கு ரெட்டினா நிபுணர். எம்.எஸ். அல்லது டி.என்.பி. கண் மருத்துவம் முடித்த பிறகு, விழித்திரை அறுவை சிகிச்சைக்கென்று மேலும் தனிப் பயிற்சி எடுத்தவர்கள் இவர்கள். நல்ல டாக்டர் யார் என்று கேட்பதற்கு முன்னால், எந்தப் பிரிவு டாக்டர் என்று கேட்க வேண்டும் என்று புரிந்தது.

ரெட்டினாவுக்குத் தனிப் பிரிவு உள்ள ஆஸ்பத்திரி என்று விசாரித்து, மதுரைக்குப் போனோம். போகிற வழியில் பஸ்ஸில் என் அப்பத்தாவை நினைத்துக்கொண்டேன். 1970களில் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் நடந்த கண் முகாமில்தான் அப்பத்தாவுக்குப் புரை எடுத்தார்கள். "நல்லா முத்தட்டும்" என்று இரண்டு வருடம் காத்திருக்கச் சொன்னார்களாம். ஆபரேஷன் முடிந்து தலையை அசைக்காமல் நாள்கணக்கில் படுத்திருந்தது. அப்போது உள்ளே வைக்க லென்ஸ் கிடையாது. அதனால் சாகும்வரை சோடாபுட்டிக் கண்ணாடி. அப்பத்தாவுக்கு டாக்டரைத் தேர்ந்தெடுக்கும் பேச்சே இல்லை; முகாமுக்கு வந்தவர்தான் டாக்டர்.

அந்த நிலைமையை மாற்றியதில் மதுரைக்குப் பெரிய பங்கு உண்டு. எட்டயபுரம் பக்கம் வடமலாபுரத்தில் பிறந்த டாக்டர் ஜி. வெங்கடசாமி, முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன நிலையிலும் கண் அறுவை சிகிச்சை பழகியவர். அரசுப் பணியில் ஓய்வு பெற்ற பிறகு, 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். 1992இல் அவர்கள் அரோலேப் என்று சொந்தமாக லென்ஸ் தயாரிக்க ஆரம்பித்ததும், வெளிநாட்டிலிருந்து வந்துகொண்டிருந்த லென்ஸ் இங்கே ஏழைகளுக்கும் கட்டுப்படியாகும் விலைக்குக் கிடைத்தது. சென்னையில் டாக்டர் எஸ்.எஸ். பத்ரிநாத் 1978இல் சங்கர நேத்ராலயாவைத் தொடங்கினார். எழும்பூர் அரசுக் கண் மருத்துவமனையோ 1819இலிருந்து இருக்கிறது. கண் வைத்தியத்துக்கு வெளியூர்க்காரர்கள் தேடி வருகிற மாநிலத்தில் இருந்துகொண்டு, நான் கண்ணாடிக் கடையில் இரண்டு மாதம் ஓட்டியிருக்கிறேன்.

இந்த முறை வெறும் கையோடு போகவில்லை. பேத்தியின் நாலு கோட்டு நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, என் கண்ணுக்கு எப்படித் தெரிகிறதோ அப்படியே கோடுகளைப் பென்சிலில் வரைந்து எடுத்துப் போனேன். பின்பக்கத்தில் ஐந்து கேள்விகள் எழுதியிருந்தேன்.

சொட்டு மருந்து, காத்திருப்பு எல்லாம் முடிந்து உள்ளே போனால், ரெட்டினா டாக்டர் ஒரு சின்னப் பெண். என் மகள் வயசுகூட இருக்காது. என் வீட்டுக்காரர் முகம் மாறியது. அந்தத் தாளைக் கொடுத்தேன். ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "ரொம்ப உபயோகமா வரைஞ்சிருக்கீங்கம்மா" என்று சொல்லி, ஓ.சி.டி. ஸ்கேனுக்கு அனுப்பினார். வலி இல்லாத பரிசோதனை. கண்ணை ஒரு புள்ளியில் நிறுத்திப் பார்த்தால் போதும், விழித்திரையைக் குறுக்கே வெட்டிப் பார்த்ததுபோல் படம் வந்துவிடும்.

படத்தைத் திரையில் காட்டினார். அடுக்கடுக்காக மண் படிந்த கிணற்றுச் சுவர் மாதிரி விழித்திரை. நடுவில் சின்னப் பள்ளம் இருக்க வேண்டிய இடத்தில் சுவர் முழுதாக அறுந்திருந்தது. மேக்குலர் ஹோல். வயதானால் கண்ணுக்குள் இருக்கும் ஜெல்லி சுருங்கும்; சுருங்கும்போது சிலருக்கு விழித்திரையின் மையத்தைப் பிடித்து இழுத்து ஓட்டை போட்டுவிடும். அறுபது தாண்டிய பெண்களுக்கு அதிகம் வருமாம்.

என் தாளைத் திருப்பி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டேன்.

ஒன்று, புரையை மட்டும் எடுத்தால் சரியாகுமா? "ஆகாது. உங்களுக்குப் புரை லேசாத்தான் இருக்கு. அதை மட்டும் எடுத்திருந்தா வெளிச்சம் கொஞ்சம் கூடியிருக்கும், கோடு வளைஞ்சேதான் இருந்திருக்கும்."

இரண்டு, இப்போது செய்யாவிட்டால் என்ன ஆகும்? "முழுக் குருடு ஆகாது. பக்கப் பார்வை இருக்கும். ஆனா ஓட்டை பெரிசாகும். நாளாக ஆக மூடுற வாய்ப்பும் குறையும், மூடினாலும் பார்வை திரும்புறதும் குறையும்."

மூன்றாவது கேள்வியைக் கேட்கத்தான் நாக்கு எழவில்லை. வீட்டுக்காரர் காலை மிதித்தார். கேட்டுவிட்டேன். "டாக்டரம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. இந்த ஆபரேஷனை நீங்களே செய்வீங்களா? எத்தனை செஞ்சிருக்கீங்க?" அவர் முகம் சுளிக்கவில்லை. வாரத்தில் எத்தனை நாள் செய்கிறார், இந்த ஓட்டைக்கு மட்டும் மாதம் ஏறக்குறைய எத்தனை வரும், அவருக்குக் கற்றுக்கொடுத்த மூத்த டாக்டர் அன்று பக்கத்துத் தியேட்டரில்தான் இருப்பார் என்பதையெல்லாம் சொன்னார். "அவர்தான் செய்யணும்னு விரும்பினா சொல்லுங்க, தேதி மட்டும் கொஞ்சம் தள்ளும்" என்றார்.

நான்கு, பழைய பார்வை வருமா? "ஓட்டை மூடுறதுக்கு நல்ல வாய்ப்பு இருக்கு. பழைய பார்வை முழுசா வரும்னு நான் சொல்ல மாட்டேன். இரண்டு மாசம் முன்னாடி வந்திருந்தா இன்னும் தைரியமாச் சொல்லியிருப்பேன்." விழித்திரை விலகுவது, கண்ணில் சீழ் பிடிப்பது போன்ற அபூர்வமான ஆபத்துகளையும் ஒளிக்காமல் சொன்னார்.

ஐந்து, மொத்தச் செலவும், பிறகு நான் செய்ய வேண்டியதும். ஓய்வூதியர் காப்பீட்டில் எது வரும், எது வராது என்று கேட்க ஓர் அறைக்கு அனுப்பினார். மல்டிஃபோக்கல் லென்ஸ் பற்றியும் கேட்டேன். விழித்திரை மையம் கெட்ட கண்ணுக்கு அது ஏற்றதல்ல, சாதாரண லென்ஸே போதும் என்றார். 70,000 ரூபாய் கொடுத்து எனக்கு ஒத்துவராததை வாங்க இருந்தேன்.

மூத்த டாக்டர் வேண்டாம், இவரே போதும் என்று நான் அப்போதே முடிவு செய்துவிட்டேன். வராது என்பதை வராது என்று சொன்னவர், வரும் என்று சொன்னதை நம்பலாம் அல்லவா?

அடுத்த வாரம் ஆபரேஷன். கண்ணை மட்டும் மரத்துப்போக வைத்து, புரை எடுத்து லென்ஸ் வைப்பதையும் ஜெல்லி எடுப்பதையும் ஒன்றாகவே செய்தார்கள். ஓட்டையைச் சுற்றியிருந்த மெல்லிய சவ்வை உரித்து, கண்ணுக்குள் வாயு நிரப்பினார்கள். அந்த வாயுக் குமிழ் ஓட்டையை அழுத்திக்கொண்டிருந்தால்தான் மூடுமாம். அதற்காக ஒரு வாரம் குப்புறக் கவிழ்ந்தே இருக்க வேண்டும்.

ஆபரேஷனைவிட அந்த ஒரு வாரம்தான் கஷ்டம். மேசையில் தலையணை போட்டு நெற்றியைக் கவிழ்த்து உட்கார்ந்திருப்பேன். கழுத்தும் முதுகும் விட்டுப்போகும். பேத்தி பள்ளி விட்டு வந்ததும் மேசைக்கு அடியில் தரையில் மல்லாந்து படுத்துக்கொண்டு, என் முகத்தைப் பார்த்தபடி பாடம் ஒப்பிப்பாள். முதல் தடவையாக என் பிள்ளைகளில் ஒருத்தி எனக்குக் கீழே படுத்துக்கொண்டு, "புரிஞ்சுதா அம்மாச்சி?" என்று கேட்டாள்.

கையில் ஒரு பட்டை கட்டியிருந்தார்கள், கண்ணில் வாயு இருக்கிறது என்று. அது கரையும்வரை விமானம் கூடாது, மலையேறவும் கூடாது. உயரம் போனால் வாயு விரிந்து கண் அழுத்தம் ஏறிப் பார்வையே போய்விடும். கொடைக்கானல் 2,000 மீட்டருக்கு மேல். அங்கே நடந்த நாத்தனார் பேரன் காதுகுத்துக்குப் போகவில்லை. இன்னும் அவர்களுக்கு வருத்தம்தான். வேறு எதற்காவது மயக்க மருந்து கொடுக்க வேண்டி வந்தாலும் இந்தப் பட்டையைக் காட்டச் சொன்னார்கள்.

நாளாக ஆக, கண்ணுக்குள் தண்ணீர் மட்டம் மாதிரி ஒரு கோடு தெரிந்தது. கோட்டுக்கு மேலே தெளிவு, கீழே கலங்கல். ஒவ்வொரு நாளும் அந்தக் கோடு இறங்கிக்கொண்டே வந்தது. கடைசியில் சின்ன உருண்டையாகி ஒரு நாள் காலையில் காணாமல் போனது.

ஓட்டை மூடிவிட்டது. ஸ்கேனில் பார்த்தேன். நடுவில் காணாமல் போன எழுத்து திரும்பி வந்துவிட்டது. ஆனால் உள்ளதைச் சொல்ல வேண்டும்: வலது கண்ணால் மட்டும் பொடி எழுத்து படிக்க முடியாது. கோடுகள் இப்போதும் துளி நெளிகின்றன. அந்த நெளிவில் என்னுடைய இரண்டு மாதமும் இருக்கிறது.

அட்வான்ஸைத் திரும்ப வாங்கப் பழைய ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஸ்கேன் படத்தை அந்த டாக்டரிடமும் காட்டினேன். சண்டை போடப் போகவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். "நான் பிடிச்சிருக்கணும்மா. நீங்களும் சொல்லியிருக்கலாம்" என்றார். இரண்டும் சரிதான். பணம் முழுதும் கொடுத்துவிட்டார்கள்.

அதனால் குழுவில் கேட்ட அந்த டீச்சருக்கு என் பதில் இதுதான். பெயர் தேடுவதற்கு முன்னால் உங்கள் தொந்தரவை ஒரு தாளில் எழுதுங்கள்; எந்தக் கண், எப்போதிலிருந்து, எப்படித் தெரிகிறது என்று. பவர் பார்ப்பவர் வேறு, கண் டாக்டர் வேறு, அந்தப் பிரிவின் அறுவை சிகிச்சை நிபுணர் வேறு. டாக்டரின் பதிவைத் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலின் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளலாம். அவசரம் இல்லாத ஆபரேஷனுக்கு "இன்றைக்கே கட்டினால் தள்ளுபடி" என்றால் எழுந்து வந்துவிடுங்கள். புரை முற்றும்வரை காத்திருக்கும் காலமும் போய்விட்டது. உங்கள் அன்றாட வேலைக்குத் தடையானால் எடுக்கலாம், இல்லாவிட்டால் பொறுக்கலாம்.

ஆனால் சிலவற்றுக்குப் பொறுக்கவே கூடாது. திடீரென்று கண்ணில் மின்னல் வெட்டுவது போல் தெரிந்தாலோ, கரும்புள்ளிகள் கூட்டமாகப் பறந்தாலோ, திரை இறங்குவது போல் ஒரு பக்கம் மறைந்தாலோ அன்றைக்கே போங்கள். விழித்திரை விலகுவதாக இருக்கலாம். சர்க்கரை உள்ளவர்கள் பார்வை நன்றாக இருந்தாலும் வருடம் ஒரு முறை விழித்திரையைக் காட்டுங்கள். நாற்பது தாண்டியவர்கள் கண் அழுத்தம் பாருங்கள். கிளாக்கோமாவில் போன பார்வை திரும்பாது.

இன்று சாயங்காலம் ஒரு வேலை செய்யுங்கள். வீட்டுப் பிள்ளையின் கோடு போட்ட நோட்டை வாங்கி, ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். பிறகு மறு கண்ணை. அப்பா அம்மாவையும் பார்க்கச் சொல்லுங்கள். அவர்கள் "நல்லாத்தான் தெரியுது" என்றால், கொஞ்சம் பொறுத்து இன்னொரு முறை கேளுங்கள்.

உங்கள் அனுபவங்களையும் கீழே எழுதுங்கள்.